படியா, ஸ்பிரிங்கா, முகமூடியா: மூச்சு வாங்குகிறவர் எதை எடுப்பது?

போன சீசனில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறினேன். ஜப்பான்காரர் கட்டிய தாதுகோபுரத்தைத் தாண்டும் வரை பேச்சும் சிரிப்புமாகத்தான் போனோம். படி செங்குத்தாக நிமிரத் தொடங்கியதும் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. இருபது படிக்கு ஒரு தரம் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். எனக்கு 44 வயது. என்னைவிட இருபது வயதாவது மூத்த ஓர் ஆச்சி வெற்றிலை மென்றபடி என்னைத் தாண்டிப் போனார். "மெதுவா வாம்மா" என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த கையோடு போனில் மூச்சுப் பயிற்சிக் கருவிகளைத் தேடினேன். அன்றிலிருந்து விளம்பரம் ஓயவில்லை. முகமூடி, ஸ்பிரிங் வைத்த குழல், பந்து ஏறும் பெட்டி, இணையவழிப் பிராணாயாம வகுப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. கொட்டகலையில் எங்கள் வீட்டில் மூச்சு வாங்குகிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். இப்போது பைப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். அக்கா மகனுக்கு 16 வயது, பாடசாலையில் 1500 மீற்றரும் 5000 மீற்றரும் ஓடுகிறான். ஓடி முடித்தால் கால் மணி நேரம் இருமுகிறான். ஒரு கருவி வாங்கினால் மூன்று பேரும் மாறி மாறிப் பாவிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தசையைப் பற்றி ஒரு வார்த்தை. விஞ்ஞானப் புத்தகத்தில் பிரிமென்றகடு என்று படித்திருப்போம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல விரிந்திருக்கும் தசை அது. அதுவும் விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் பழுவிடைத் தசைகளும் சேர்ந்துதான் காற்றை உள்ளே இழுக்கின்றன. நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. "நுரையீரலைப் பெரிதாக்கும் கருவி" என்று யாராவது விற்றால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள். வளர்ந்தவருக்கு நுரையீரல் பெரிதாகாது. இழுக்கும் தசைக்குத்தான் பலம் ஏறும்.

அந்தப் பலம் எதற்கு உதவும்? உடல் உச்ச வேகத்தில் உழைக்கும்போது எடுக்கும் ஒட்சிசனில் 10 முதல் 15 சதவீதம் வரை மூச்சுத் தசைகளுக்கே செலவாகிறது. அவை களைத்துவிட்டால் நரம்பு வழியாக ஒரு கட்டளை போய், காலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உடலுக்குக் கால் நின்றாலும் பரவாயில்லை, மூச்சு நிற்கக் கூடாது. மேட்டில் மூச்சு வாங்கும்போதே காலும் கனப்பதற்கு இது ஒரு காரணம். மூச்சுத் தசை பலமாக இருந்தால் அந்தக் களைப்பு பிந்தி வரும், இளைப்பும் குறைவாகத் தெரியும்.

சரி, கடையில் இருப்பவற்றைப் பார்ப்போம். முகமூடியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அதில்தான். "மலை உயரத்தில் பயிற்சி செய்வது போன்ற பலன்" என்று ஒரு இணையக் கடை எழுதியிருந்தது. மலை உயரத்திலேயே குடியிருந்துகொண்டு நான் அதற்குக் காசு கட்டினேன். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்து தேயிலைத் தூள் வரவழைப்பது மாதிரி. (அதுவும் நடக்கிற விஷயம்தான்.) நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் குறைகிறது. முகமூடி காற்றின் அமுக்கத்தைத் தொடுவதே இல்லை. துவாரத்தைச் சின்னதாக்குகிறது, அவ்வளவுதான். போதாததற்கு நாம் விட்ட காற்றில் கொஞ்சத்தை நமக்கே திருப்பித் தருகிறது. 2016இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆறு வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். ஒட்சிசன் எடுக்கும் திறன் முகமூடி போட்டவர்களுக்கும் கூடியது, போடாதவர்களுக்கும் கூடியது, இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரத்தத்திலும் மலைவாசத்தால் வருவது போன்ற மாற்றம் எதுவும் வரவில்லை. என் முகமூடி இப்போது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டு அனுப்பிய செய்திக்கு இன்னும் பதில் இல்லை.

மூன்று பந்துப் பெட்டி எங்கள் வீட்டில் ஏற்கனவே இருந்தது. அப்பாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்தபோது வாங்கியது. குழாயால் உறிஞ்சினால் பந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறும். 600, 900, 1200 என்று அதில் இருக்கும் எண்கள், விநாடிக்கு எத்தனை மில்லிலீற்றர் காற்று இழுக்கிறோம் என்பதைக் காட்டுபவை. ஒப்பரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவர்களை ஆழமாக இழுக்க வைப்பதுதான் அதன் வேலை. தசைக்குச் சுமை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கொரோனாக் காலத்தில் இது வீட்டுக்கு வீடு புகுந்ததால், இதுதான் மூச்சுப் பயிற்சி என்று பலர் நினைத்துவிட்டார்கள். கையில் இருந்தால் இருக்கட்டும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. பலூன் ஊதுவதும் எங்கள் பிரச்சினைக்கு உதவாது. அது வெளியே தள்ளும் தசைக்கான வேலை, மலையேறும்போது களைப்பது உள்ளே இழுக்கும் தசை.

ஸ்பிரிங் வைத்த குழல்தான் உண்மையில் தசைக்குப் பயிற்சி தருவது. வாயில் வைத்து இழுக்க வேண்டும். உள்ளே ஒரு வால்வு, அதை ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். குறித்த அளவு பலத்தோடு இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். திருகினால் ஸ்பிரிங் இறுகும், சுமை கூடும். பிரிட்டனில் அலிசன் மெக்கானல் என்ற உடற்றொழிலியல் ஆய்வாளர் 1990களில் உருவாக்கிய பவர்பிரீத் இந்த வகையில் பெயர் பெற்றது. பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும் மலிவான இன்னொரு வகையும் உண்டு. அதில் ஸ்பிரிங் கிடையாது, துவாரத்தின் அளவை மட்டும் மாற்றலாம். வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். துவாரக் கருவியில் மெதுவாக இழுத்தால் சுமையே தெரியாது, நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை ஏமாற்ற முடியாது, மெதுவாக இழுத்தால் அது திறக்கவே திறக்காது.

இன்னொரு விஷயம், சுமையின் அளவு. இழுக்கும் பலத்தை, குழாயில் நீரை எத்தனை சென்ரிமீற்றர் உயரத்துக்கு இழுத்தேற்றும் என்ற கணக்கில் அளப்பார்கள். பயிற்சிக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உங்கள் உச்ச பலத்தில் பாதி. என் வயதுப் பெண்ணுக்கு உச்சம் 80 என்று வைத்துக்கொண்டால் 40 வேண்டும். நோயாளிகளுக்காகச் செய்த திரெஷோல்ட் கருவி ஒன்று 9இல் தொடங்கி 41இல் முடிகிறது. அம்மாவுக்கு அது தாராளம். எனக்கோ தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும், ஓட்டக்காரப் பையனுக்கு விளையாட்டுச் சாமான். விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதில் அர்த்தமில்லை. மறுபக்கம், திரையும் எண்களும் உள்ள மின்னணு வகைக்குப் பல மடங்கு விலை கொடுக்கவும் தேவையில்லை. முப்பதாவது மூச்சை இழுத்து முடிக்கச் சிரமமாக இருந்தால் சுமை சரி, நாற்பது இழுக்க முடிந்தால் ஒரு திருகு கூட்டுங்கள். இதற்குத் திரை வேண்டாம்.

ஒரு தரத்துக்கு 30 மூச்சு, காலையும் மாலையும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து, மெதுவாக விட வேண்டும். தலை சுற்றினால் நிறுத்தி, சும்மா மூச்சு விட்டுவிட்டுத் தொடரலாம். நாலு முதல் ஆறு வாரத்தில் பலன் தெரியும். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் செய்தாலே கிடைத்ததைக் காப்பாற்றலாம். 2002இல் பிரிட்டனில் நல்ல பயிற்சியுள்ள சைக்கிள் ஓட்டிகளிடம் சோதித்தபோது, ஆறு வாரத்தில் 20 கிலோமீற்றர் நேரம் ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்தது. இதைப் பெரிது என்பதா, சிறிது என்பதா? பந்தயத்துக்குப் பெரிது. மேட்டில் நிற்காமல் நடக்கவேண்டும் என்கிறவருக்குச் சும்மா இல்லை, ஆனால் அற்புதமும் இல்லை. உச்ச ஒட்சிசன் திறன் இந்தக் கருவியால் கூடுவதில்லை. அது இதயமும் இரத்தமும் காலும் சேர்ந்து செய்கிற காரியம். அதை வளர்க்க மேடு ஏறத்தான் வேண்டும்.

அதனால் கருவியோடு ஒப்பிட வேண்டிய உண்மையான போட்டியாளர் முகமூடியோ பந்தோ இல்லை. எங்கள் லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகளுக்கும்) மேல் ரோட்டுக்கும் இடையில் இருக்கும் படிக்கட்டு. 112 படி, செலவு இல்லை. பேச முடியாத வேகத்தில் ஏறுவது, பிறகு மெல்ல இறங்குவது, இப்படி நாலு தரம். வாரத்துக்கு மூன்று நாள். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 5,500 படி, செங்குத்தாகக் கணக்கிட்டால் ஆயிரம் மீற்றர் அளவு உயரம். அதற்குக் காலும் பழக வேண்டும், மூச்சும் பழக வேண்டும். படி இரண்டையும் பழக்கும், குழல் ஒன்றை மட்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் படி என்றே சொல்வேன். முட்டி வலியால் படி ஏற முடியாதவர், ஆறு மணிக்கு வேலை முடித்து இருட்டில் வீடு வருகிறவர், மழை மாதங்களில் வெளியே இறங்க முடியாதவர், இவர்களுக்குக் கணக்கு மாறலாம். எங்கள் பக்கத்து மழையைத் தெரிந்தவர்கள் இதைச் சாக்கு என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் நான் படியில் இறங்கியதும் உடனே முன்னேறிவிடவில்லை. மூன்று வாரம் ஏறியும் இளைப்பு அப்படியே இருந்தது. பாடசாலையில் கூட வேலை செய்கிற டீச்சர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இரத்தம் பாருங்க" என்றார். ஈமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தச் சோகை. ஒட்சிசனைச் சுமக்கிற வண்டியே குறைவாக இருக்கும்போது, காற்றை எவ்வளவு பலமாக இழுத்து என்ன? டொக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார், அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: மாத்திரை போடும் நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் தேத்தண்ணி கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற மலையில், ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கிற சாயம் எங்கள் இரத்தத்தையே தடுக்கிறது என்று கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று மாதத்தில் இளைப்பில் பாதி போய்விட்டது. ஒரு கருவியும் இல்லாமல்.

அம்மாவின் விஷயம் வேறு. வயசாகிவிட்டது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நாங்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போவதற்கே அம்மா சம்மதிக்கவில்லை. அங்கே போனால் காசநோய் என்று லயம் முழுக்கப் பேசுவார்களாம். காசநோய் மட்டுமில்லை, மற்ற நெஞ்சு நோய்களையும் அங்கே பார்க்கிறார்கள், காசும் இல்லை. ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். முழுதாக இழுத்து ஒரே மூச்சில் ஊதும்போது, மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் விநாடியிலேயே வெளியே வரவேண்டும். அம்மாவுக்கு வரவில்லை, மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து கொடுத்த பிறகும் வரவில்லை. நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். பீடி சுருட்டு தொடாத பெண்ணுக்கு எப்படி? நாற்பது வருடம் ஜன்னல் இல்லாத காம்பராவில் ஈர விறகு எரித்த புகை போதாதா?

இந்த நோயில் காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு ஊதிப்போகும். குடை போல வளைந்திருக்க வேண்டிய பிரிமென்றகடு தட்டையாகிவிடும். விரித்த குடையை மேலும் விரிக்க முடியாதது போல, அந்தத் தசையால் சரியாக இழுக்க முடியாது. அப்படியானால் அம்மாவுக்குத்தானே ஸ்பிரிங் கருவி முதலில் தேவை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பு இதற்கு இரண்டு பதில் சொல்கிறது. வேறு எந்தப் பயிற்சியும் இல்லாமல் கருவி மட்டும் பாவித்தவர்களுக்கு இளைப்பும் நடையும் ஓரளவு முன்னேறின. நடை, கை கால் பயிற்சி எல்லாம் அடங்கிய நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் ஏற்கனவே இருப்பவர்களுக்குக் கருவியையும் சேர்த்துக் கொடுத்தபோது தசைப் பலம் கூடியது, ஆனால் இளைப்பில் சொல்லும்படியான கூடுதல் பலன் இல்லை. ஆக, நடக்க முடிந்தவருக்கு நடை முதல். இன்ஹேலரைச் சரியான முறையில் இழுக்கப் பழகுவது அதற்கும் முதல். புகையை விட்டு வெளியே வருவது எல்லாவற்றுக்கும் முதல்.

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த மூச்சு எந்தக் கடையிலும் இல்லை. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஊத வேண்டும். "சூடான தேத்தண்ணிய ஊதி ஆத்துற மாதிரிதானே, தம்பி?" என்று அம்மா கேட்டார். "அதேதான் அம்மா" என்றார் அவர். பைப்படியில் தண்ணீர் தூக்கும்போது, அடி எடுத்து வைக்கிற நேரத்தில் ஊத வேண்டும். இளைப்பு மீறினால் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் சாய வேண்டும். இது தசையைப் பலப்படுத்தாது. தேங்கிய காற்றை வெளியேற்றி அடுத்த மூச்சுக்கு இடம் விடும்.

பிராணாயாமம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் விடுவது மனதையும் மூச்சையும் ஆற்றுப்படுத்தும். மூச்சு வாங்கும்போது வருகிற பதற்றமே இளைப்பைக் கூட்டுவதால், அதற்குப் பயன் உண்டு. தசைக்குச் சுமை மட்டும் அதில் இல்லை. அம்மா போன்றவர்கள் கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி), மூச்சை அடக்கி வைப்பது இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது.

பையனின் இருமலைக் கேட்டால் கருவி விற்கிறவர் சந்தோஷப்படுவார். ஓடும்போது இல்லாமல் ஓடி நின்ற பிறகு வருகிற இருமல், அதுவும் மூடுபனிக் காலையில் அதிகம் என்றால், தசைப் பலவீனத்தைவிட மூச்சுக்குழாய் சுருங்குவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த காற்றை வாயால் வேகமாக இழுப்பது அதைத் தூண்டும். பயிற்றுநர் அவனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் ஓட்டத்துக்கு முன் எடுக்க இன்ஹேலர் கொடுத்தார், கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்கிய பிறகே வேகமாக ஓடச் சொன்னார். இருமல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பிறகும் அவன், "சித்தி, அந்த ஸ்பிரிங் சாமான்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது, ஏற்கனவே நன்றாகப் பழகிய உடம்பைவிடப் பழகாத உடம்புக்கே இந்தப் பயிற்சியால் அதிக பலன் என்பது. அவனுக்கு இப்போது சப்பாத்துதான் தேவை, தேய்ந்துபோய்விட்டது.

ஆக மிஞ்சியது நான் மட்டும். இரத்தம் 12ஐத் தாண்டியது, படியும் பழகிவிட்டது, அதற்குப் பிறகு கையால் திருகும் ஸ்பிரிங் கருவி ஒன்றை வாங்கினேன். வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில: நுரையீரலில் காற்றுக் கசிந்த வரலாறு, கிழிந்த செவிப்பறை, அண்மையில் நெஞ்சிலோ வயிற்றிலோ கண்ணிலோ ஒப்பரேஷன், கடுமையான இதய நோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் டொக்டரைக் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது. நெஞ்சு வலி, இரவில் படுக்க முடியாத இளைப்பு, கால் வீக்கம் இருக்கிறவர்கள் கருவியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்புறம், மாறி மாறிப் பாவிக்கும் என் பழைய திட்டம் எவ்வளவு மோசமானது என்பது இப்போது புரிகிறது. ஒருவர் எச்சில் பட்ட குழலை இன்னொருவர் வாயில் வைப்பது, காசநோய் இன்னும் இருக்கிற ஊரில், செய்யக்கூடாத காரியம். ஒரு ஆளுக்கு ஒரு கருவி. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அடுப்புப் புகை படாத இடத்தில் காயவைக்க வேண்டும்.

சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக் வரை. நான் பெப்ரவரியில் ஏறுவதாக இருக்கிறேன். ஆறு வாரம் என்று பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் கடைசியில் குழலைத் தொடங்கினால் போதும். அதுவரை 112 படி.